ஊர்ப்பெயரும் வேற்றுமையும்

கொழும்பு–மட்டக்களப்பு ஏ4 வீதியிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலைக்குச் செல்லும் ஏ16 வீதி பிரிகிற சந்தி பெரகல. சிங்களத்தில் 'பெர' என்றால் மேளம். 'கல' என்றால் பாறை. பெயரைப் பிரித்தால் மேளப்பாறை. சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு மேளமோ பாறையோ நினைவில் எழுவதில்லை. ஆனாலும் பெயர் தன் வேலையைக் குறைவின்றிச் செய்கிறது. அப்படியானால் பெயரின் உண்மை அதன் வேரில் இருக்கிறதா, வழங்கும் வாயில் இருக்கிறதா?

மீமாம்சகர் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு என்றும் உள்ளது, எவரும் ஏற்படுத்தியதன்று என்றனர். நையாயிகர் அதை ஏற்பாடு என்றனர். ஆனால் பழைய நியாயம் அந்த ஏற்பாட்டை இறைவனின் விருப்பத்தோடு சேர்த்தது. பௌத்தரின் மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் தம் பெயரே வெறும் வழக்கு, அதற்கு நேராக ஓர் ஆள் இல்லை என்று தேர் உவமையால் அரசனை மடக்குகிறார். கிரேக்கத்தில் பிளேட்டோவின் கிராட்டிலஸ் உரையாடலும் இதே வாதந்தான். நன்னூலார் இடுகுறி, காரணம் என்று பெயர்களை இரண்டாகப் பிரித்தார். காரணப்பெயரும் நாளடைவில் காரணம் மறந்து நடக்கும். அந்த நிலையை வடநூலார் ரூடி என்றனர். சொல்லின் உறுப்புப்பொருளைவிட ரூடியே வலியது என்பது அவர்கள் துணிபு. பெரகல அதற்குச் சரியான சான்று.

வேர் மறந்த பெயரை ஒரு மொழி தனதாக்கிக்கொள்வது இலக்கணத்தின் வழியாகத்தான். சிங்களத்தில் குறில் அகரத்தில் முடியும் ஊர்ப்பெயர்களைத் தமிழ் பெரும்பாலும் ஐகாரத்தில் முடிக்கும்: பதுல்ல பதுளையாயிற்று, பஸ்ஸர பசறையாயிற்று. சபா, மாலா என்பவற்றைச் சபை, மாலை ஆக்கிய பழைய பழக்கத்தை ஒத்தது இது. முடிவு மாறினால் வேற்றுமை உருபு ஏறும் விதமும் மாறும். ஐகாரத்தின் பின் யகர உடம்படுமெய் வந்து பதுளையில். அகரத்தின் பின் வகரம் வந்து பெரகலவில். மயில்பாறை என்று பிரியும் மொனராகலையில் அதே 'கல' கலையாகிவிட்டது; பெரகலவில் கலவாகவே நிற்கிறது. விதி ஒன்றுதான், வாய்தான் வேறு. செக் மொழியில் வேற்றுமையின் ஆட்சி இன்னும் கடுமை. தலைநகர் பிராஹா பெண்பாற் பெயர். 'பிராஹாவில்' என்னும்போது உள்ளிருக்கும் ஹகரமே திரிந்து 'பிராஸெ' ஆகும். வாசற்படி என்று பொருள்படும் 'பிராஹ்' என்ற சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பது நெடுங்கால விளக்கம். ஆனால் பெயரை நாள்தோறும் வளைப்பது வாசற்படியன்று, வேற்றுமை.

பெரகலவிலிருந்து கொஸ்லந்தை, வெல்லவாய என்று இறங்கும் பாதையின் தொடர்ச்சியில், ஊவாவின் தென்கோடியில், வேரா, வழக்கா என்ற கேள்வி மொழியியலோடு நிற்காமல் சமயத்துக்குள் நுழைகிறது. சிங்களவர் கதரகம என்பதைத் தமிழர் கதிர்காமம் என்பர். மகாவம்சம் பாலியில் காஜரகாம என்கிறது. அவ்வூரில் போதி மரக்கன்று நடப்பட்டதை அது கூறும். கிராமம் பாலியில் காம, சிங்களத்தில் கம, யாழ்ப்பாணத் தமிழில் கொடிகாமம், வலிகாமம் என்பவற்றின் காமம். ஆக, பின்பாதி ஊர் என்பதில் சிக்கலில்லை. சிக்கல் முன்பாதியில். முருக பக்தருக்கு அது கதிர், ஒளி. காமத்தையும் ஊராகக் கொள்ளாமல் அன்பாகக் கொள்வோர் உண்டு. கார்த்திகேய கிராமம் திரிந்தது என்பது இன்னொரு கருத்து. அங்கே பள்ளிவாசல் கொண்டுள்ள முஸ்லிம்களின் மரபோ ஹிழ்ர் நபியின் பெயரை அதில் கேட்கிறது.

ஒலிமாற்ற வரலாறு இவற்றில் பலவற்றை ஏற்காது. ஆனால் சொற்பிறப்பாகத் தவறானது வழிபாடாகவும் தவறாகிவிடுமா? வேரே பெயரின் உண்மை என்றால், கதிரை நினைத்து நடந்து சென்ற தலைமுறைகள் வேறெதையோ வணங்கியதாக ஆகும். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் அத்தலத்தைத் திருப்புகழில் பாடியபோதே பெயர் தமிழாகிவிட்டிருந்தது. மகர ஈற்றுப் பெயராக அது அத்துச் சாரியை பெற்றுக் கதிர்காமத்தில், கதிர்காமத்துக்கு என வரும். கதிர்காமத்தான் என்று தெய்வத்துக்கே பெயராகும். சிங்களத்தில் அதே தெய்வம் கதரகம தெவியோ. இரு மொழியிலும் ஊர்ப்பெயரே தெய்வப்பெயர். முந்தியது எது என்று வழிபடுவோர் எவரும் நின்று கேட்பதில்லை.

கோயிலுக்குள் திரைக்கு அப்பால் பூசை செய்யும் கப்புறாளை வாயைத் துணியால் கட்டியிருப்பார். மந்திரம் இல்லை, பெயரும் இல்லை. அரோகரா என்ற குரல் எழுவது திரைக்கு இப்பால்.