ராசியைத் திட்டாதே, ஓட்டையை அடை

"எங்க வீட்டுக்குக் கோழி ராசியே இல்லைங்க." இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் ஒரு காலத்தில் இதைச் சொன்னவன் என்பதால் கூடுதலாக வருகிறது.

சிறுவிடைக் கோழி 21 நாள் அடைகிடந்து பொரித்த ஒன்பது குஞ்சுகள். மதியச் சோறு தின்றுவிட்டு நான் கண்ணயர்ந்த அரைமணி நேரத்தில் கீரி புகுந்துவிட்டது. எழுந்து வந்து பார்த்தால் ஏழு குஞ்சுகள் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன. இரண்டைக் காணோம். தாய்க்கோழி கூரைமேல் நின்று கத்திக்கொண்டிருந்தது. "சில வீட்டுக்கு ஒட்டாதுப்பா, விடு" என்று எதிர்வீட்டுப் பெரியம்மா உச்சுக்கொட்டினார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ராசி இல்லை என்று ஆகிவிட்டால் கையை அசைக்க வேண்டியதில்லை அல்லவா!

சாயங்காலம் வேலியோரம் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். வலைக்கும் மண்ணுக்கும் நடுவே மூன்று விரல் சந்து. கம்பி முனையில் பழுப்பு மயிர் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. நான் ராசி என்று பெயர் வைத்தது இந்தச் சந்துக்குத்தான்!

தம்பி, உன் தோல்விக்குப் பக்கத்தில் நீ எப்போதாவது இப்படிக் குந்தியிருக்கிறாயா? நின்றுகொண்டு பார்த்தால் விதி தெரியும். குந்திப் பார், சந்து தெரியும்!

கீரியைச் சபிக்காதே. அதன் பிழைப்பு அது. விஷம் வைக்கிறேன், கண்ணி வைக்கிறேன் என்று கிளம்பாதே. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம். உன் ஆத்திரத்தை அப்படியே மண்வெட்டிக்குக் கொடு.

கடையில் 'கோழிவலை' என்று கேட்டால் அறுகோணக் கண் வைத்த மெல்லிய வலையைச் சுருட்டித் தருவார்கள். பேரைக் கேட்டு ஏமாறாதே! அது கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். நாய் பல்லால் இழுத்தால் பிய்ந்துவிடும். எலி கண்ணுக்குள்ளேயே நுழைந்து வரும். அடியில் இரண்டடி உயரத்துக்காவது அரை இஞ்ச் வெல்டு மெஷ் போடு. விலை கூடத்தான். செத்த குஞ்சுகளை எண்ணிவிட்டுப் பேரம் பேசு. அதற்கும் கீழே ஓர் அடியை மண்ணுக்குள் இறக்கு. பாறை நிலமா? 'ட' எழுத்துப்போல வெளிப்பக்கம் மடித்து, ஒன்றரை அடி தரையில் விரித்துக் கல்லை அடுக்கு. தோண்ட வருகிற பிராணி வேலியின் காலடியில்தான் நகம் வைக்கும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவது அபூர்வம். உனக்குத் தோன்றும். அந்த அறிவை வைத்துக்கொண்டா ராசி பேசுகிறாய்?

பருந்துக்கு மேலே பழைய மீன்வலை போதும். மரநாய் இரவில் ஏறி வரும். பொழுது சாய்ந்ததும் கோழிகளைக் கூட்டில் அடைத்துக் கொண்டியைப் போடு. பஞ்சாரம்தான் என்றால் வீட்டுக்குள் கவிழ்த்து, மேலே கனமாக ஒரு கல்லை ஏற்று.

ஆறடி வேலியையும் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்தியில் இறங்கும் கோழியும் உண்டு. ஒரு பக்கச் சிறகில் மட்டும் நீள இறகுகளை நறுக்கு, எழும்பினால் சாய்ந்துவிடும். ரத்தம் ஓடும் இளம் இறகைத் தொடாதே. மற்றவை நம் நகம்போலத்தான். பழைய இறகு உதிர்ந்து புதிது முளைத்தால் திரும்ப வெட்டவேண்டும்.

ஒரே நாளில் முடியவில்லையா? இன்றைக்கு ஒரு மூலையை முடி. விரலில் கம்பி கிழிக்கும், கிழிக்கட்டும்! நான் முடிக்க நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

அதே கோழி மறுபடி அடைகிடந்தது. இன்று மதியம் நான் தூங்கவில்லை. வலைக்கு வெளியே, அடுக்கிய கல்லோரம், புதிதாக நகக்கீறல்கள். ஈரமண் சிதறிக் கிடந்தது. உள்ளே 11 குஞ்சுகள் குருணை பொறுக்கிக்கொண்டிருந்தன. இரண்டு முறை எண்ணினேன்.