மணமண்டபமும் மாதரி காட்டிய வழியும்



மூவுலகும் தொழும் அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

தாம்பூலம் மாற்றிய மறுநாளே பெண்ணைப் பெற்றவர் மனத்தில் எழும் முதற் கேள்வி, "எந்த மண்டபம்?" என்பதுதான். பணியின் பொருட்டும் வணிகத்தின் பொருட்டும் மதுரையில் குடியேறியுள்ள நம் குடும்பத்தினருக்கு இக்கேள்வி இரட்டிப்புச் சுமையாகும். சொந்த ஊரில் ஜினாலயம் உண்டு, உபாத்தியாயர் உண்டு, இரவில் உண்ணாதவர் யார், கிழங்கு உண்ணாதவர் யார் என்பதைத் தெருவே அறியும். மதுரையிலோ எல்லாவற்றையும் ஒருநாள் வாடகைக்கு எடுத்த நான்கு சுவர்களுக்குள் நாமே அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

மண்டபம் பார்க்கச் செல்பவர் எவற்றைக் கேட்கின்றனர்? எத்தனை நாற்காலி, குளிர்சாதனம் உண்டா, வண்டிகள் நிறுத்த இடம் போதுமா, மேடை படத்தில் எவ்வாறு தோன்றும் என்பனவற்றைக் கேட்கின்றனர். இவை கேட்கத்தக்கனவே. ஆயினும் முதலிற் கேட்க வேண்டிய ஒன்று விட்டுப்போகிறது. அதனால் நேர்ந்த ஒன்றை அடியேன் நேரிற் கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில், மதுரையில் நம்மவர் வீட்டுத் திருமணம் ஒன்று நிகழ்ந்தது. விசாலமான மண்டபம், அழகிய தோரணங்கள். மணநாளுக்கு முந்தைய மாலையில் வரவேற்பு. மண்டபத்தார் பிற்பகல் 3 மணிக்கே சாவியைக் கொடுத்தனர். அதன் பின்னரே சமையற்காரர் அடுப்பு மூட்டினார். முதற் பந்தி இலை போட்டபோது மணி ஏழரை. மணமகளின் பாட்டியார் இளமையிலேயே இரவு உண்ணாமை விரதம் ஏற்றவர். திண்டிவனத்துக்கு அப்பாலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தவர். நண்பகலில் வழியில் இரண்டு வாழைப்பழம் உண்டதோடு சரி. "சாப்பிட வாருங்கள்" என்று அழைத்தவர்களிடம் எல்லாம், "பசியில்லை அப்பா, நீங்கள் சாப்பிடுங்கள்" என்று புன்னகையோடு சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தியின் திருமணத்தில் பாட்டி பட்டினி கிடந்தார். மணமகளின் தந்தைக்கு இது மறுநாட் காலையில்தான் தெரிந்தது. தாரை வார்க்கும் கைகளோடு அவர் கலங்கி நின்றதை நான் மறக்கவில்லை.

அக்குடும்பத்தார் தீயவரல்லர். விரதத்தை இகழ்ந்தவருமல்லர். மண்டபத்தைத் தேர்ந்தபோது அம்மூதாட்டியை நினைக்க மறந்தனர், அவ்வளவே.

அன்று இரவு எனக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. இதே மதுரையின் புறத்தேதான் கவுந்தி அடிகள் கண்ணகிக்கும் கோவலனுக்கும் தங்க ஓர் இடம் தேர்ந்தார். மதிலுக்குள் செல்வ வணிகரின் மாளிகைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அடிகள் தேர்ந்தது மாதரி என்னும் ஆயர் குல முதுமகளின் அடைக்கலத்தை. எதை அளவுகோலாகக் கொண்டார்? பசுக்களைக் காத்து அவற்றின் பயனைப் பிறர்க்கு அளிக்கும் வாழ்க்கையில் கொடுமை இல்லை. இவள் தீதற்றவள், செம்மையானவள், இரக்கமுடையவள் என்பதையே கண்டார். கட்டடத்தின் உயரத்தை அவர் அளக்கவில்லை. அதனுள் வாழ்பவரின் ஒழுக்கத்தை அளந்தார்.

மாதரி செய்தது இன்னும் சிறப்புடையது. அவள் நம் சமயத்தவள் அல்லள், திருமாலைத் தொழுபவள். ஆயினும் கோவலன் சாவக நோன்பு உடையவன் என்பதறிந்து, பகற்பொழுதிலேயே உணவு சமைத்து முடிக்கத்தக்க நல்ல கலங்களைத் தாமதமின்றிக் கொடுக்குமாறு தன் மகளிரை ஏவினாள். செம்மண் பூசிய தனி மனை ஒன்றையும் ஒதுக்கினாள். ஆய்ச்சியர் கொண்டுவந்து கொடுத்த பொருள்களை எண்ணிப் பாருங்கள்: பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, நெல்லரிசி, பால்படு பொருள்கள். இவற்றுள் மண்ணைத் தோண்டி எடுத்த கிழங்கு ஒன்றேனும் உண்டா? அயற் சமயத்தைச் சேர்ந்த ஓர் ஏழை மூதாட்டி, விருந்தினர் வாய்திறந்து கேட்குமுன் அவர்தம் விரதத்தை அறிந்து இடமும் கலமும் காலமும் அமைத்துக் கொடுத்தாள். நம் இல்லத் திருமணத்தில், நம் பாட்டிக்கு, நாமே அதனைச் செய்யத் தவறலாமா?

ஆகவே அன்பர்களே! ஒரு மண்டபம் ஏற்றதா என்பதற்கு ஒரே அளவுகோல் கூறுவேன். வரும் விருந்தினருள் மிகக் கடுமையான விரதம் உடையவர் யாரோ, அவர் அங்கே மனம் நோகாமல் உண்டு உறங்கி எழ இயலுமா? இயலுமாயின் அது நன்மண்டபம். இயலாதாயின் அது பளிங்கு மாளிகையேயானாலும் நமக்கு உரியதன்று.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால் கேட்க வேண்டியவை தாமே புலப்படும்.

முதலாவது, காலம். மதுரையில் ஐப்பசித் திங்களில் கதிரவன் மாலை 6 மணிக்குச் சற்று முன்னரே மறைகிறான். தை நடுவில் ஏறக்குறைய 6.20 மணிக்கு, ஆனி, ஆடியில் 6.40 மணியளவில். மறைவதற்கு இரண்டு நாழிகை முன்பே, அதாவது 48 நிமிடம் முன்பே, உண்டு முடிக்க வேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறை. எனவே தை மாதத்தில் ஐந்தரை மணிக்குள் இலை எடுத்தாக வேண்டும். அடுக்களை நண்பகலுக்கு முன்பே நம் கைக்கு வந்தாலன்றி இது கைகூடாது. முன்பணம் கொடுக்குமுன், "சாவி எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். இயலாதெனின், முகூர்த்தமும் வரவேற்பும் ஒரே முற்பகலில் அமையட்டும். அலுவலக நண்பர்களையும் விடுமுறை நாளின் பகல் விருந்துக்கே அழைக்கலாம். ஒருவேளைச் செலவும் குறையும்.

இரண்டாவது, அடுக்களை. நம் சமையற்காரரை அனுமதிப்பார்களா? முந்தைய நாள் அங்கே புலால் சமைத்தனரா? பாத்திரங்கள் பொதுவா, தனியா? மாதரி நற்கலம் தேடியதுபோல நாமும் நம் கலங்களைக் கொண்டுசெல்ல இடம் தருவார்களா?

மூன்றாவது, நீர். இருமடித்த துணியில் வடித்த நீரையே பயன்படுத்துதல் நம் மரபு. வடித்த துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த நீரிலேயே விடுதல் வேண்டும். லாரி நீரை நம்பிய மண்டபத்தில் இஃது இயலாது. கிணறு உள்ள மண்டபம் கிடைப்பின் அதற்கு முதன்மை தருக.

நான்காவது, ஒளி. இந்நாளில் நகர்ப்புறத்துப் புல்வெளி அரங்குகளில் இரவு விருந்து நடத்துவது பெருகிவருகிறது. ஆயிரம் விளக்கொளிக்கு வரும் பூச்சிகள் வெந்து வீழ்வது எங்கே? உண்கலத்திலும் கால்களின் கீழும் அன்றோ! இரவு உண்ணாமையை ஆன்றோர் விதித்ததன் காரணம் அங்கே கண்கூடு. நல்வாழ்வு வேண்டி நடத்தும் மங்கலச் சடங்கின் சாட்சியாகப் பல்லாயிரம் உயிர்கள் மடிவது முறையாகுமா?

இவற்றையெல்லாம் விடுத்து, "இது ராசியான மண்டபமா?" என்று கேட்போரும் நம்முள் உளர். கோவலன் தங்கிய மனை அறத்தின் மனை. எனினும் அவன் மதுரையில் மாண்டான். அது மாதரி மனையின் குற்றமன்று. முன்னை வினை உருத்து வந்து ஊட்டியது. இன்பமும் துன்பமும் அவரவர் வினையால் வருவன. சுவரும் வாயிலும் அவற்றைத் தாரா. ஆனால் அவ்விடத்தில் நாம் செய்யும் கொலையும் கொல்லாமையும் புதுவினையாக நம்மைப் பற்றும். ஆதலால் அஞ்ச வேண்டியது மண்டபத்தின் ராசிக்கன்று. அங்கே நாம் ஆற்றும் செயலுக்கே.

இளைஞர் சிலர், "மதுரையைச் சுற்றி நம் மலைகள் உள்ளனவே, சமணமலை அடிவாரத்திலேயே வரவேற்பு வைத்தால் என்ன?" என்கின்றனர். அவர்தம் ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும் அம்மலை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்துள் வரவேற்பும் விருந்தும் அரசின் எழுத்துவழி அனுமதியின்றி நடத்தல் ஆகாது. சட்டம் இருக்கட்டும், அங்கே வாழ்ந்தவரை எண்ணுங்கள். மாங்குளத்து மலையில் நெடுஞ்செழியனின் காலத்தில் முனிவர்க்குக் கற்படுக்கை வெட்டுவித்த இல்லறத்தாரின் பெயர்கள் 2,000 ஆண்டுகளுக்கு மேலாகப் பாறையில் நிற்கின்றன. இத்தகைய குகைகள் பலவற்றின் நெற்றியில், மழைநீர் படுக்கையில் வழியாதபடி வடிவிளிம்பும் வெட்டினர். விரதம் காப்பவரின் மேனியில் ஒரு துளி நீரும் விழலாகாதெனக் கருதிய அவர்களே இடம் தேர்தலில் நமக்கு ஆசான்கள். அத்தவச்சாலையில் ஒலிபெருக்கி முழங்க வேண்டா. மணமக்கள் மறுநாட் காலையில் அமைதியாகச் சென்று, கீழக்குயில்குடிச் செட்டிப்புடவில் வீற்றிருக்கும் பெருமானை வணங்குக. பேச்சிப்பள்ளத்தில் அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியையும் தரிசித்து வருக. மகனைத் துறவுக்கு ஈந்த தாயொருத்தியின் பெயரைக் கல்லிற் காண்பதைவிட, இல்லறம் தொடங்குவோர்க்கு வேறு நல்வாழ்த்து உண்டோ?

முன்பு கூறிய தந்தை தம் இளைய மகளுக்கு மணம் முடித்தபோது, சிறியதோர் மண்டபத்தைத் தேர்ந்தார். கிணறு இருந்தது, முந்தைய இரவே சாவி கிடைத்தது. வரவேற்பு பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கியது. நான்கரை மணிக்கு முதற் பந்தியில் விரதம் உடைய முதியோரை அமர்த்தித் தாமே இலை போட்டுப் பரிமாறினார். அம்மூதாட்டி அதைக் காண இருந்திலர். ஆயினும் அவர் பட்டினி கிடந்த இரவு வீண்போகவில்லை.

நம் இல்லங்களில் இனி மணப்பேச்சு எழும்போது, மண்டபத்தின் பெயரை எழுதுமுன் வீட்டில் விரதம் உடையவரின் பெயரை எழுதுங்கள். அவருக்கு ஏற்ற இடமே மணமக்களுக்கும் ஏற்ற இடம்.

அருகன் அறம் ஓங்குக! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!