வளவும் கிணறும்

1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் பற்றரி கிடைத்தற்கரிய பொருளாயிற்று. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர் மக்கள். ஓய்ந்த பற்றரியில் துளையிட்டு உப்புநீர் ஊற்றி மேலுஞ் சில நாள் உயிர் கொடுத்தனர். எறிந்த பொருளில் எஞ்சிய பயனைத் தேடிய அவ்வாற்றலை யாழ்ப்பாணம் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கின்றது.

அப்பெருமை இன்றைய முயற்சியொன்றுக்கும் உரியதாகுமா? பழுதடைந்த கணினியின் வன்தட்டினுள் நியோடைமியம், இரும்பு, போரன் சேர்ந்த காந்தங்கள் உள்ளன. அவற்றை அமிலத்திற் கரைத்து ஒக்சாலிக் அமிலஞ் சேர்த்தால் அருமண் மூலகம் வீழ்படிவாகப் பிரியும். அதனைச் சூடாக்க ஒட்சைட்டுக் கிடைக்கும். முற்றத்திலேயே செய்யத்தக்க வேலைதான். ஆயின் காந்தத்தின் நிறையில் நியோடைமியம் மூன்றிலொரு பங்குக்குங் குறைவு, பெரும்பகுதி இரும்பு. ஒட்சைட்டை உலோகமாக்கும் உயர்வெப்ப மின்பகுப்பும் வீட்டிற் கைகூடாது. கையில் எஞ்சுவது ஒரு சிட்டிகைத் தூள். மண்ணுக்குச் செல்வது ஒரு வாளி அமிலநீர்.

தன் வளவில் தான் செய்வது பிறருக்கு எவ்வாறு குற்றமாகும் எனலாம். வேறு நிலத்தில் இவ்வாதம் சிறிது நிற்கக்கூடும். இங்கு வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புக்களிலே தேங்கும் மழைநீரே கிணற்று நீர். எல்லை வேலிக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடும் ஊரில், நிலத்தின் கீழே அனைவரும் ஒரே பாத்திரத்தில் அருந்துகின்றனர். சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெய் அயற்கிணறுகளிற் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு விதித்தது. சுண்ணாம்புப் பாறையே அமிலத்தை நடுநிலையாக்கிவிடும் என்பாருமுளர். காந்தத்தின் மேற்பூச்சான நிக்கலைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

எனினும், அமிலத்தைத் தொடாதவனின் கைகள் தூயனவா? உலகின் அருமண்ணிற் பெரும்பகுதி சீனத்திலிருந்து வருகின்றது. உள்மொங்கோலியாவின் பாவ்தோ நகரருகே அதன் கழிவு ஏரியாகத் தேங்கியுள்ளது. பழையதை எறிந்து புதியது வாங்குவோன் அவ்வூர்க் கிணற்றில் ஊற்றுகின்றான். அது அவன் கண்ணிற் படவில்லை, அவ்வளவே. ஆகவே ஒன்றுஞ் செய்யாதிருத்தல் அறமென வாதிடுதல் எளிதன்று.

தடைக்காலத்து மனிதனுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைய மாணவனுக்கு உண்டு. காந்தத்தைக் கழற்றலாம், கரைக்காது வைத்திருக்கலாம். முறையான ஆலையொன்று அமையும்வரை அது மேசை இழுப்பறையிற் கிடக்கும்.