நாற்பது பேரும் ஒரு தலைக்கட்டும்

எங்கள் ஷாஃபி மத்ஹபில், அதாவது சட்ட மரபில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நிறைவேற நாற்பது ஆண்கள் வேண்டும். தலையை எண்ணினால் மட்டும் போதாது. பருவம் வந்தவர்களாகவும், அந்த ஊரையே தம் ஊராகக் கொண்டவர்களாகவும், கோடையிலும் மாரியிலும் தேவைக்கன்றி ஊரைவிட்டுப் போகாதவர்களாகவும் அவர்கள் இருக்க வேண்டும். வழிப்போக்கர் நூறு பேர் வந்து நின்றாலும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். ஹனஃபி மத்ஹபில் இத்தனை ஆள் வேண்டியதில்லை. ஆனால் சிற்றூரில் ஜும்ஆ கூடாது என்பது அவர்களுடைய பழைய சட்டம். இறைவணக்கத்தைப் பற்றிப் பேச வந்த நூல்கள், ஊர் என்றால் என்ன, ஊர்க்காரன் என்றால் யார் என்று இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருப்பது என்னை வெகுநாளாக யோசிக்க வைத்திருக்கிறது.

இராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாயை நம்பி நெல் போடும் கிராமம் எங்களுடையது. முஸ்லிம் வீடுகள் பதினொன்று. பாதி வீடுகளின் ஆண்கள் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். பள்ளிவாசலில் பாங்கு உண்டு, நோன்புக் கஞ்சி உண்டு, ஜும்ஆ கிடையாது. வெள்ளிக்கிழமை குளித்து, அத்தர் பூசி, டவுனுக்குப் பஸ் ஏறுகிறோம். அங்கே பெருங்கூட்டத்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் என் வயலுக்கு எந்த மடையிலிருந்து தண்ணீர் வருகிறது என்று அந்த வரிசையில் நிற்கும் டவுன்காரர் ஒருவருக்கும் தெரியாது. அது தெரிந்தவர்கள் என்னோடு தொழாதவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு முஸ்லிம்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் நகரவாசிகள். கிராமத்து முஸ்லிமுக்கு இந்த இரட்டை வாழ்வு அன்றாடம்.

பங்குனி பிறந்ததும் ஊர்க்கூட்டம் கூடி, அம்மன் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடும். முஸ்லிம் வீடுகளுக்கு அந்த வரி இல்லை என்பது பழைய ஏற்பாடு. ஆனாலும் என் வாப்பா கூட்டத்துக்குப் போய் உட்காருவார். "சாமி காரியத்துக்கு நான் கொடுக்க முடியாது. தெரு லைட்டுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் என் பேரை எழுதுங்க. கண்மாய் வேலைக்கு மத்த தலைக்கட்டு மாதிரி ஒரு ஆளு நானும் அனுப்புறேன்" என்பார். ஊர்த் தலைவரான அம்பலக்காரர் ஏட்டில் எழுதிக்கொள்வார். வாப்பா ஒருநாளும் கோயில் வாசலில் கைகூப்பியதில்லை. கும்பிடச் சொல்லி எவரும் அவரைக் கேட்டதுமில்லை.

அடுத்த வீட்டுக் கோனார் பெரியப்பா திருவிழாவுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு ஒரு சேவலை உயிரோடு கொண்டுவருவார். "படையல் சோறு உங்களுக்கு ஆகாது. பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டு நீங்களே அறுத்துக்கங்க" என்பார். எங்கள் சட்டம் அவருக்கு அவ்வளவு தெரியும். நான் எதைச் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்து, அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து, அதன் பிறகும் என்னை விருந்துக்குள் வைத்துக்கொள்கிறார். என் நம்பிக்கையை நான் கரைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே அந்த உறவில் இல்லை.

இன்று இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். திருவிழா நாளில் வீட்டைவிட்டு வெளியே வராதே, ஈமான் கெட்டுவிடும் என்று எங்கள் இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். இணைவைப்பைப் பற்றிய அவர்கள் அச்சம் என் அச்சமும்தான். அல்லாஹ் ஒருவனைத் தவிர யாருக்கும் நான் தலை தாழ்த்த மாட்டேன். இன்னொரு பக்கம், திருநீறு பூசிக்கொண்டு தேர் வடம் பிடித்தால்தான் நீ இந்த மண்ணுக்காரன் என்று வெளியூரிலிருந்து வந்து சிலர் பேசுகிறார்கள். ஒரே ஊர் என்றால் ஒரே வழிபாடாகத்தான் இருக்க முடியும் என்று இரு தரப்பும் நினைக்கின்றன. அது சரியல்ல என்று எங்கள் தெருவே சொல்லும்.

என் மார்க்கமும் அப்படித்தான் சொல்கிறது. உறவான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யும்படி அந்நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான நம் அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் அவர் கேட்டார். அண்டை வீட்டாரைப் பற்றி வானவர் ஜிப்ரீல் எவ்வளவு வலியுறுத்தினார் என்றால், சொத்திலும் அவருக்குப் பங்கு வைத்துவிடுவாரோ என்று நபிகள் நாயகம் எண்ணியதாக ஹதீஸ் உண்டு. இந்தக் கடமை அண்டை வீட்டுக்காரர் எந்தத் திசை நோக்கி வணங்குகிறார் என்று பார்ப்பதில்லை.

இதற்கு மேலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அம்பலக்காரரின் அந்த ஏட்டில் காலனித் தெருத் தலித் மக்களின் பெயர் கிடையாது. கண்மாயில் மண் வெட்டி, மடை காத்து, ஊருக்கே தண்ணீர் பாய்ச்சியவர்கள் தலைக்கட்டாக எண்ணப்படவில்லை. வாப்பாவுக்குப் பிறகு கூட்டத்தில் உட்காரும் முறை எனக்கு வந்தபோது இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "பாய், இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்றார். குரலில் கோபம் இல்லை. எல்லை எங்கே என்று காட்டினார். வாயை மூடிக்கொண்டிருக்கும் வரை நான் ஊர்க்காரன், கேள்வி கேட்டால் விருந்தாளி என்று அன்றைக்கு விளங்கியது. "நானும் ஒரு தலைக்கட்டுதானே" என்று சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஏடு இன்னும் மாறவில்லை. ஒவ்வொரு பங்குனியிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தொழுகை வரிசையில் முந்தி வந்தவர் முன்னால் நிற்பார். சாதி கேட்டு இடம் ஒதுக்குவதில்லை. 1981இல் மீனாட்சிபுரத்துத் தலித் மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்துக்கு வந்தபோது நாடே அதிர்ந்தது. அவர்கள் மதம் மாறிப் போனதைப் பற்றிப் பேசியவர்கள், பிறந்த ஊரிலேயே அவர்களை ஊராராக எண்ணாததைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. ஐந்து வேளையும் சமமாக நிற்கப் பழகிய ஒருவன் ஊர்க்கூட்டத்தில் அந்தச் சமத்துவத்தைக் கேட்காமல் இருந்தால், அவன் தொழுகை பள்ளிவாசல் படியோடு நின்றுவிடுகிறது. ஊரை நேசிப்பது என்றால் அதன் அநீதிக்குச் சம்மதிப்பதல்ல. விருந்தாளி குறை சொல்ல மாட்டான். கோடையும் மாரியும் இங்கேயே கிடப்பவனுக்குத்தான் அந்தக் கடமை.

ஆகவே, நீ முஸ்லிமா, ஊர்க்காரனா என்று யாராவது கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை. மறுமையில் என் தொழுகையைப் பற்றிக் கேட்கப்படும். என் அண்டை வீட்டாரைப் பற்றியும் கேட்கப்படும். அந்த அண்டை வீட்டார் டவுன் பள்ளிவாசலில் என்னோடு நின்றவர்கள் அல்ல. கோனார் தெருவிலும் காலனித் தெருவிலும் இருப்பவர்கள். அவர்களுக்காக அல்லாஹ்விடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நான். அதனால் இந்த ஊர் என் ஊர்.