நூலகம் எனும் நிலையான தருமம்



மனிதன் மௌத்தானதும் அவனுடைய அமல்கள் நின்றுவிடுகின்றன. மூன்றின் நன்மை மட்டும் நிற்பதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நிலையான தருமம், பயன் பெறப்படும் கல்வி, பெற்றோருக்காக துஆச் செய்யும் நற்பிள்ளை என்பனவே அம்மூன்று. இவற்றுள் முதலிரண்டும் ஒரே கூரையின்கீழ்க் கூடுமிடம் எது? பொதுமக்களுக்காக விட்டுச்செல்லப்பட்ட நூலகமன்றோ!

போஸ்னியா நாட்டுச் சராயேவோ நகரைப் பாருங்கள். உதுமானிய ஆளுநர் காஸி ஹுஸ்ரவ் பேக், 1537ஆம் ஆண்டில் அங்கே ஒரு மதரஸாவுக்காக வக்ஃபு செய்தார். கட்டடச் செலவு போக மிஞ்சும் பணத்தில் நல்ல நூல்களை வாங்கி, ஓதுவோரும் படியெடுப்போரும் பயன்பெற வைக்கவேண்டும் என்று வக்ஃபுப் பத்திரத்தில் எழுதினார். அவர் பெயரால் இன்றும் விளங்கும் நூலகம் அந்த மிச்சப் பணத்தில் பிறந்ததே.

1992இல் அந்நகர் முற்றுகைக்குள்ளானது. மே மாதத்தில் கீழ்த்திசை ஆய்வு நிலையம் எரிந்து, 5,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. ஆகஸ்டில் தேசிய நூலகத்தின்மீது குண்டுகள் பொழிந்தன. சுமார் 15 லட்சம் நூல்களில் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. நகர மக்கள் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி, இயன்றவற்றை வெளியே கொணர்ந்தனர். நூலக ஊழியர் ஒருவர் உயிரையே இழந்தார்.

ஆனால் காஸியவர்களின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதிகள் தப்பின. உணவும் விறகும் அரிதான அந்நாட்களில் ஊழியர்கள் அவற்றை மீண்டும் மீண்டும் இடம் மாற்றிக் காத்தனர். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரின் அமானத்தை உயிரினும் மேலாக மதித்தார்கள்!

சகோதரர்களே! பகைவன் வைத்த தீ கண்ணுக்குத் தெரிகிறது. பூட்டிய அலமாரியில் கரையான் அரிக்கும் நூலுக்கு யார் தீ வைத்தது? கல்வி என்று மட்டும் நபிமொழி கூறவில்லை. பயன் பெறப்படும் கல்வி என்றே கூறுகிறது. எவரும் புரட்டாத நூலால் எவருக்குப் பயன்? நன்மையை நாடி நூல்களை விட்டுச்சென்றவர் கப்ரிலே இருக்கிறார்; அவருக்குச் செல்லும் வாய்க்காலை நாமல்லவா அடைத்துவிட்டோம்!

ஆகவே, உங்கள் ஊர் நூலகம் எந்நிலையில் இருக்கிறதென்று இவ்வாரமே சென்று பாருங்கள். பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு நூலையேனும் எடுத்து ஓதுங்கள். வாசகர் வராத நூலகம் மூடப்படுவதற்குக் குண்டு தேவையில்லை.

முன்னோர் விட்ட அமானத்தைப் பேணும் நஸீபை அல்லாஹுத் தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.