கார்டுக்குப் பின்னால் எழுதியது

2024 செப்டம்பர் 4 முதல் 6 வரை சிங்கப்பூர் மரினா பேயில் 'சீஃபூட் எக்ஸ்போ ஏசியா' நடந்தது. முன்பு ஹாங்காங்கில் நடந்துகொண்டிருந்த கடலுணவு வணிகக் கண்காட்சி அது; 2022இலிருந்து சிங்கப்பூரில் நடக்கிறது. நான் லகாட்டில் குளிர்கிடங்கு கட்டிக்கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். புறப்படும் முன் முதலாளி இரண்டு பெட்டி கார்டு கொடுத்துச் சொன்னார்: "மெஷினப் பத்திப் பேசாத. ஆளப் பத்திப் பேசு. பேசி முடிச்சதும் கார்டுக்குப் பின்னாடி எழுதி வெச்சிக்க. ஊரு, பிள்ளைங்க பேரு, என்ன பிரச்சனை, எல்லாம்."

முதல் நாள் எனக்கு வாயே வரவில்லை. நான்கு வருஷம் பல்கலைக்கழகத்தில் குளிரூட்டலின் கணக்கெல்லாம் படித்தேன். முன்பின் தெரியாதவரிடம் போய்ச் சிரிப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டாம் நாள் தூத்துக்குடிப் பக்கத்து இறால் ஆலை ஒன்றிலிருந்து வந்த ஒருவர் தமிழில் பேசுவது காதில் விழுந்தது. "அண்ணே, எந்த ஊரு?" என்றேன். அவ்வளவுதான். தேநீர் வாங்கிக் கொடுத்தார், குடும்பத்தைப் பற்றிப் பேசினார். பேச்சோடு பேச்சாக, தங்களிடம் இறால் வாங்கும் பினாங்கு இறக்குமதியாளர் ஒருவரின் குளிர்கிடங்கில் பனி படிந்து பெட்டிகள் கெட்டுப்போவதாகவும், அவர் புது ஆளைத் தேடுவதாகவும் சொன்னார். கழிவறைக்குப் போய் நின்றுகொண்டு, கார்டுக்குப் பின்னால் எல்லாவற்றையும் எழுதினேன். அடுத்த மூன்று மாதத்தில் அந்த வேலை எங்களுக்குக் கிடைத்தது.

ஜனவரியில் அண்ணனிடமிருந்து வாட்சாப். அவருடைய அக்கா மகனுக்கு ஈப்போவில் வேலை என்று ஓர் ஏஜெண்ட் பணம் கேட்கிறாராம். "அப்படி ஒரு கம்பெனி உங்க பக்கம் இருக்கா தம்பி, பாத்துச் சொல்றீங்களா?" மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேட அரைமணி நேரம், வண்டியெடுத்து நேரில் பார்த்துவர இன்னொரு அரைமணி. படித்தேன். நீல நிறக் குறி விழுந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தேன். மூன்று வாரம் ஓடிவிட்டது. நான் பதில் போட்டபோது அவர் எழுதியது: "பரவாயில்ல தம்பி, வேற ஆள் மூலமா விசாரிச்சிட்டோம்."

யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தப் 'பரவாயில்ல' இன்னும் உறுத்துகிறது. நான் செய்த தப்பு எது? ஆதாயத்துக்காக ஒருவரிடம் பழகியதா, இல்லை அதற்குப் பிறகு நடந்ததா?

முதல் பதிலைத்தான் நம் இலக்கிய மனம் உடனே சொல்லும். குறளில் 'தீ நட்பு' அதிகாரம் இருக்கிறது. கிடைக்கும் பயனை நிறுத்துப் பார்த்து நட்பு வைப்பவரை வள்ளுவர் திருடரோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறார். அதன்படி கண்காட்சி மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திருடர்களே, என்னையும் சேர்த்து. ஆனால் அதே வள்ளுவர் 'நடுவுநிலைமை'யில் வணிகரைப் பற்றியும் சொல்கிறார்: அடுத்தவர் பொருளையும் தன் பொருள்போல் பேணிச் செய்வதே நல்ல வாணிகம். அங்கே ஆதாயம் குற்றமில்லை. ஒருபக்கமாகப் பார்ப்பதுதான் குற்றம். காண்ட் 1785இல் சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்றார் அவர். அந்த 'மட்டும்' முக்கியம். மீ கடைக்காரரிடம் மீ வாங்குவதும் அவரைப் பயன்படுத்துவதுதானே?

மெல்லிய பழக்கங்களுக்கும் மதிப்புண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் அதுதான்: நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், புதுச் செய்தி எப்போதாவது பார்க்கும் ஆள்களிடமிருந்துதான் வருகிறது. லகாட்டில் பிறந்து, பெரிய இடத்துச் சொந்தம் எதுவும் இல்லாத என்னைப் போன்றவனுக்கு இது சும்மா தத்துவமில்லை. 'யாரிடமும் ஆதாயத்துக்காகப் பழகமாட்டேன்' என்று சொல்ல, அப்பாவுக்கு ஏற்கெனவே ஆள்பலம் இருக்க வேண்டும்.

ஆனால் எங்கள் வட்டாரத்தில் இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. கங்காணி. தோட்டத்து ஆள் ஒருவர், துரையிடம் உரிமச்சீட்டு வாங்கிக்கொண்டு, தன் சொந்தக் கிராமத்துக்கே போய் ஆள் பிடித்துவருவார். அவருடைய மூலதனமே உறவுமுறைதான். பாட்டியின் அப்பா அந்தக் கங்காணியை 'மாமா' என்றுதான் கூப்பிட்டாராம். அந்த மாமாவுக்குத் தலைக்காசு உண்டு. அவருடைய ஆள்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை காசு என்று. 1938இல் இந்திய அரசு தடை போட்ட பிறகுதான் அந்த முறை நின்றது. கங்காணிகள் எல்லாரும் கெட்டவர்களில்லை. கல்யாணம், சாவு, சண்டை எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர்களும் இருந்தார்கள். சிக்கல் அந்தத் தலைக்காசில் இருந்தது. கூப்பிடுபவனுக்கு அது 'மாமா'. கூப்பிடப்படுபவருக்கு அது உறவும் கணக்கும்.

எனக்கும் அந்தத் தேநீர் மேசையில் 'அண்ணே' என்பது கணக்கு. அவருக்கு அது அண்ணே.

அப்படியானால் கணக்கு எழுதுவதே தப்பா? நம் வீட்டுக் கல்யாணங்களில் வாசலில் ஒருவர் உட்கார்ந்து மொய் எழுதுகிறார். யார், எவ்வளவு என்று நோட்டில் ஏறுகிறது. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அந்த நோட்டு எல்லார் கண் முன்னாலும் எழுதப்படுகிறது. 'உங்க வீட்டு விசேஷத்துக்கு நாங்களும் வருவோம்' என்பதும் அதில் சேர்த்தே எழுதப்படுகிறது. என் கார்டு கழிவறையில் எழுதப்பட்டது. அவரிடமிருந்து நான் பெறக்கூடியது அதில் இருந்தது. நான் கொடுக்க வேண்டியதற்கு இடமே விடவில்லை.

எங்கள் தொழிலில் 'கிளேசிங்' என்று ஒன்று உண்டு. உறையவைத்த இறாலை நீரில் முக்கியெடுத்தால் மேலே மெல்லிய ஐஸ் படலம் பிடிக்கும். அது இல்லாவிட்டால் இறால் காய்ந்து வெளுத்துவிடும். ஆக ஐஸ் பூசுவது மோசடியில்லை. அந்த ஐஸை இறாலின் எடையில் சேர்த்து விற்றால்தான் மோசடி. சிரிப்பு, தேநீர், 'எந்த ஊரு' எல்லாம் அந்த ஐஸ் மாதிரி. முன்பின் தெரியாத இரண்டு பேர் காய்ந்துபோகாமல் இருக்க அது வேண்டும். நான் அதை உறவின் எடையில் நிறுத்து விற்றேன். ஜனவரியில் அவர் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே சரக்கு குறைவாக இருந்தது.

ஆக, தப்பு செப்டம்பரில் இல்லை. ஜனவரியில்தான் என்று நினைக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தை நான் செலவழித்திருந்தால், செப்டம்பரில் குடித்த தேநீரும் சுத்தமாகியிருக்கும். ஒரு பழக்கம் எதற்காகத் தொடங்கியது என்பது அவ்வளவு முக்கியமில்லை. அவருடைய முறை வரும்போது நாம் அங்கே இருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

இப்போதும் கண்காட்சிகளுக்குப் போகிறேன், கார்டுக்குப் பின்னால் எழுதுகிறேன். அவர் எதிரிலேயே எழுதுகிறேன். "என்ன தம்பி எழுதுறீங்க?" என்று கேட்டால் காட்டலாம். என்னால் ஏதாவது ஆகுமென்று சொல்லியிருந்தால் அதைத்தான் முதல் வரியில் எழுதுகிறேன்.

தூத்துக்குடி அண்ணனுக்கு மட்டும் இன்னும் போன் செய்யவில்லை. அக்கா மகன் எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று கேட்க வேண்டும். வேலை எதுவும் ஆகவேண்டியிருந்தால் நேற்றே கூப்பிட்டிருப்பேன்.