அடைக்கலப் பொருள்

இழந்ததற்கு வருந்தாமை அறிவுடைமை என்பர் பெரியோர். எல்லா இழப்புக்கும் அது பொருந்துமா?

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நாம், பாட்டியின் குரலையும் திருமணப் படங்களையும் இன்று கணினியின் எஸ்.எஸ்.டி. எனும் கருவியில் சேமிக்கின்றோம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டுகள் சுழலும். பழுதுறுமுன் சில வேளை ஓசையெழுப்பி எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி.யிலோ அசையும் உறுப்பே இல்லை. நுண்ணறைகளில் தங்கும் மின்னூட்டமே அதன் நினைவு. அதனை ஆளும் சில்லு திடீரெனச் செயலிழந்தால், நேற்றுவரை இருந்தவை ஒரு நொடியில் எட்டாதவை ஆகிவிடும். மீட்டல் பல வேளைகளில் அரிது, செலவும் மிகுதி.

நிலையாமை உலகியல்பு, போனது போகட்டும் என்பார் உளர். நமக்கே உரிய பொருளாயின் அவ்வாறு துறக்கலாம். பாட்டியின் குரலோ இனிப் பிறக்கும் பெயரர்க்கும் உரியது. நம்மிடம் அடைக்கலமாக வந்தது. அடைக்கலப் பொருளை இழத்தல் துறவாகாது.

கருவியைப் பழிப்பதால் பயனென்ன? பனையோலையும் அழியும் பொருளே. அதனை உணர்ந்த முன்னோர், ஏடு செல்லரிக்குமுன் புதிய ஓலையில் படியெடுத்தனர். பல இடங்களில் அவ்வாறு காக்கப்பெற்ற பிரதிகளை ஒப்பிட்டே உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார்.

வேறொரு கருவியில் ஒரு படி, ஊரிலுள்ள உடன்பிறந்தார் இல்லத்தில் மற்றொரு படி, அவற்றை அவ்வப்போது திறந்து பார்க்கும் வழக்கம்: இவற்றை நம் இல்லந்தோறும் கடமையெனக் கொள்வோமாக.